கட்டட விதியும் குழிக்குள் இறங்குபவரும்

திருவனந்தபுரம் மாநகராட்சியில் வீடு கட்ட அனுமதி கேட்டு மனுச் செய்பவர் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ரோட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி, அண்டை வீட்டு எல்லையிலிருந்து எவ்வளவு, மழைநீர் சேமிக்க ஏற்பாடு உண்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று பட்டியல் நீளும். எல்லாம் வேண்டிய கேள்விகளே. ஆனால் அத்தனையும் கட்டி முடித்த வீட்டைப் பற்றியவை. கட்டும் நாட்களைப் பற்றி, குறிப்பாக அஸ்திவாரக் குழியிலும் கிணற்றிலும் இறங்குகிற மனிதரைப் பற்றி, அதிகாரிகள் காட்டும் அக்கறை மிகக் குறைவு.

கேரள நகராட்சிக் கட்டட விதிகள் 1999-ல் வந்தன. 2018 வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு, 2019 நவம்பரில், புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அதற்குப் பிறகும் திருத்தத்தின் மேல் திருத்தம். ஒவ்வொரு முறையும் சர்ச்சை எதைப் பற்றி? கட்டணம், பரப்பளவு, உயரம் இவற்றைப் பற்றியே. 2023 ஏப்ரலில் கட்டணம் உயர்ந்தபோது ஊரே கொதித்தது. 2024-ல் சர்க்கார் அதைக் குறைத்தது. அதே 2023 ஏப்ரலில் 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட வீடுகளுக்கு, சொந்தப் பொறுப்பில் எழுதிக் கொடுக்கும் சத்தியப் பத்திரத்தின் பேரில் உடனடி அனுமதி என்ற முறையும் வந்தது. மேசைக்கு மேசை அலைச்சலும் கைநீட்டலும் குறைந்தால் நமக்கும் சந்தோஷமே. எனினும் 300 சதுர மீட்டர் என்பது 3,200 சதுர அடி. நம்மவர்கள் வேலை செய்யும் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கிவிடும். அஸ்திவாரம் தோண்டும் அன்று அங்கே வந்து பார்ப்பவர் யார்?

2023 ஜூலை 8-ஆம் தேதி விழிஞ்ஞத்தை அடுத்த முக்கோலையில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுமார் 90 அடி ஆழமுள்ள கிணற்றில் உறை மாற்றும் வேலை. மண் சரிந்தது. உள்ளே இருந்தவர் தமிழர். தீயணைப்புத் துறையும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் கிணறு வெட்டும் தொழிலாளர்களும் இரவு பகலாகப் போராடினார்கள். எடுக்க எடுக்க மண் மீண்டும் சரிந்தது, ஊற்று நீரும் சுரந்தது. மூன்றாம் நாள்தான் சடலத்தை மேலே கொண்டுவர முடிந்தது. மீட்கப் போனவர்களின் துணிவைக் குறை சொல்ல நாக்கு எழாது. ஆனால் மீட்பதற்குத் திரண்ட சர்க்காரின் கைகளில் ஒன்றுகூட அந்த வேலை தொடங்கும் முன் அங்கே இல்லையே!

கிணற்றைப் பற்றி விதிகளில் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. செப்டிக் உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 7.5 மீட்டர் வேண்டும். கிணற்றைச் சுற்றி 1 மீட்டர் உயரத்துக்குச் சுவர் வேண்டும். முதலாவது தண்ணீர் கெடாதிருக்க, இரண்டாவது வழிப்போக்கர் விழாதிருக்க. பழைய கிணற்றின் உறையை மாற்ற இறங்குபவர் இந்த இரண்டு கணக்கிலும் வருவதில்லை. அந்த வேலை பெரும்பாலும் எந்த அலுவலகத்தின் காதுக்கும் எட்டாமலே நடந்து முடிகிறது.

இந்நகருக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம்: இடவப்பாதியும் துலாவர்ஷமும். நனைந்த மண் கனம் ஏறும், பிடிப்பு இழக்கும். ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன்னுக்கு மேல் எடை; இடுப்பளவு மூடினாலே ஆளை இழுத்து எடுப்பது கடினம், மார்பு வரை வந்துவிட்டால் மூச்சு விட இடமிராது. இதைத் தடுக்க அரிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. பலகை, குறுக்குச் சட்டம், முட்டு, ஏணி, மேலே நின்று பார்க்க ஓர் ஆள், தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்காத கட்டுப்பாடு, இவ்வளவே. தோண்டும் வேலையின் பாதுகாப்புக்கென்றே 3764 என்ற எண்ணில் இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு முட்டுக் கொடு என்கிறது அது. 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட நெறித் தொகுப்பின் ஏழாம் பகுதியும் கட்டுமானப் பாதுகாப்பைப் பற்றியதே. ஆகவே ஏட்டில் குறைவில்லை.

மத்திய சட்டத்தின் பக்கம் திரும்பினால் அங்கே வேறொரு விசித்திரம். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம், 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தையும், சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்ச ரூபாய்க்குள் கட்டும் வீட்டையும் விட்டுவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அந்த 10 லட்சம் 50 லட்சமாகிவிட்டது! வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தும். இப்போது பத்துப் பேர் வேண்டும். விலைவாசி ஏறியதால் ரூபாய் வரம்பை ஏற்றினோம் என்று சமாதானம் சொல்லலாம். தலைக்கணக்கும் விலைவாசியோடு ஏறுமா?

நாகர்கோவிலிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் காலை ரயிலில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வரம்பின் பொருள் புரியும். ஒரு கொத்தனார், இரண்டு கையாட்கள், சில நாட்களில் ஒரு சித்தாள். மூன்று நான்கு பேர் கொண்ட கூட்டம். காண்டிராக்டர் இல்லை, பதிவேடு இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. சட்டம் காக்க நினைக்கும் பத்துப் பேர் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது அடுக்குமாடி வேலையில். அங்கும் ஆபத்து உண்டு. 2014 ஜூன் 28-ல் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். ஆனால் அதற்கு விசாரணைக் கமிஷன் வந்தது, வழக்கு வந்தது. கொல்லைப்புறக் கிணற்றில் ஒருவர் இறந்தால் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரியோடு போகிறது.

சின்ன வீட்டுக்காரர் தலையில் செலவை ஏற்றலாமா என்று கேட்பவருண்டு. கடன் வாங்கி வீடு கட்டும் குமாஸ்தாவின் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. முட்டுக்குத் தேவையான பலகைகள் அதே வீட்டின் கான்கிரீட் தளத்துக்கு எப்படியும் வாடகைக்கு வரப்போகிறவைதாம். அவற்றைச் சில வாரம் முன்னதாகக் கொண்டுவருவதுதான் கூடுதல் செலவு.

நம்மவர் பக்கத்திலும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று கேரளம் 2010-ல் நல நிதித் திட்டமும், 2017-ல் விபத்து மரணத்துக்கு 2 லட்ச ரூபாய் தரும் 'ஆவாஸ்' இன்ஷூரன்சும் தொடங்கியது. 'அதெல்லாம் வங்காளிகளுக்கு' என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். தலைமுறையாக வந்து போகிற ஊரில் அந்நியன் என்று எழுதிக் கொடுக்க மனம் கூசுகிறது போலும். ஊரில் வாரிய அட்டை இருக்கிறதே என்பார் சிலர். அது புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்த முறை விதிகளைத் திருத்த உட்காருகிறவர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. ஒன்றரை மீட்டருக்கு மேல் தோண்டும் எந்த வேலைக்கும், கிணற்றில் இறங்கும் எந்த வேலைக்கும், முதல் நாளே வார்டு அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். சத்தியப் பத்திரத்தில் கையெழுத்திடும் இன்ஜினீயரே முட்டுக்கும் பொறுப்பு என்று அதே தாளில் எழுத வேண்டும். பெருமழை எச்சரிக்கை உள்ள நாட்களில் குழி வேலை கூடாது. இந்த மூன்றையும் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் அச்சிட்டு வேலையிடத்தில் ஒட்டச் செய்யலாம். தேர்தல் வந்தால் இந்நகரில் தமிழில் நோட்டீஸ் அச்சிட ஆள் கிடைக்காமல் போவதில்லையே.