கூப்பிட்டு வரவழைத்த பறவை

கூமாப்பட்டிக்கு 2025இல் திடீரென்று பேர் வந்தது. உள்ளூர் இளைஞர் ஒருவர் எடுத்த கைபேசிப் படங்களைப் பார்த்துவிட்டு ஜனங்கள் பிளவக்கல் அணைக்குத் திரண்டார்கள். அந்தக் கூட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. தண்ணீர் பார்க்க வந்தார்கள், போனார்கள். என் சண்டை வேறொரு சாராரோடு. பச்சைச் சட்டையும் முழ நீளக் காமிராவுமாக ஓசைப்படாமல் வருகிறார்களே, அந்தப் பட்சி ரஸிகர்களில் சிலரோடு.

அணைக்கு மேற்கே மலை ஏற ஏற முட்காடு போய் மழைக்காடு வருகிறது. 1988இல் சாம்பல் அணிலுக்காகச் சரணாலயமாகி, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான காடு. அங்கே தீக்காக்கை என்றொரு பறவை. ஆண் பறவை தன் செக்கச் செவேலென்ற மார்பை மறைத்து, நமக்கு முதுகைக் காட்டி, அசையாமல் உட்கார்ந்திருக்கும். பத்து கஜ தூரத்தில் இருந்தாலும் தெரியாது. வந்தவருக்கோ ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரெயிலைப் பிடித்தாக வேண்டும். என்ன செய்கிறார்? அதே பறவையின் குரலைப் பதிவு செய்து கொண்டுவந்து காட்டுக்குள் ஒலிக்க விடுகிறார். பறவை பாய்ந்து வருகிறது. பட்டியலில் ஒன்று கூடியது!

அது பாட்டுக் கேட்க வரவில்லை, ஐயா. தன் எல்லைக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று சண்டைக்கு வந்தது. உங்கள் வாசலில் நின்று ஒருவன் 'இது என் வீடு' என்று கூவினால் சோற்றுக் கையோடு எழுந்து ஓடி வரமாட்டீர்களா? வந்து பார்த்தால் யாருமில்லை. மறுபடி கூவல். அதற்குள் கூட்டில் குஞ்சுக்கு இரை கொண்டுபோவது யார்?

இருவாச்சியின் சங்கதி இன்னும் மோசம். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் சந்து மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொண்டுவிடும். மாதக்கணக்கில் ஆண் கொண்டுவரும் பழந்தான் ஜீவனம். கீழே காமிராக்காரர்கள் தவம் கிடக்க, ஆண் மிரண்டு திரும்பினால் உள்ளே பட்டினி.

'பார்த்தால்தானே அன்பு வரும்?' என்பார்கள். வரட்டும். மா. கிருஷ்ணன் (நம் நாவலாசிரியர் அ. மாதவையாவின் பிள்ளை) 1950 முதல் 1996இல் காலமாகும்வரை பத்திரிகையில் எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே ஈடுபாட்டோடு காக்கையையும் பற்றி எழுதினார். காக்கையைப் பார்த்து வராத அன்பு தீக்காக்கையைப் பார்த்து வருமாம்!

1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் இரை காட்டி இழுப்பதும் வேட்டைதான். குரல் காட்டி இழுப்பதையும் நான் அதோடுதான் சேர்ப்பேன். மலையடிவாரத்தில் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளும் காவலர் அந்தக் குரல்பெட்டியையும் வாங்கி வைக்கட்டும். இறங்கும்போது கொடுத்தால் போதும்.