சுருட்டுக் கொட்டிலும் சட்டமூலமும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், தாம்பா நகரின் ஈபோர் பகுதி சுருட்டுத் தொழிலால் எழுந்தது. கியூபா, ஸ்பெயின், இத்தாலி ஆகிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் அங்கே சுருட்டுச் சுற்றினர். 1931 வரை அவர்களுக்கு ஒருவர் உயர்ந்த மேடையிலிருந்து பத்திரிகை வாசித்தார். யாழ்ப்பாணத்துக் கொட்டில்களிலும் பத்திரிகை வாசிக்கக் கேட்டே சுருட்டுச் சுற்றினர் என்பதை எம் வாசகருள் மூத்தோர் அறிவர்.

2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சகல சுருட்டுகளையும் தன் கட்டுப்பாட்டினுள் கொணர்ந்தது. புதிய வகை ஒவ்வொன்றுக்கும் முன்னனுமதி வேண்டும் என்றது. இயந்திரங்களால் உற்பத்தி செய்யும் பெருநிறுவனம் அச்செலவைத் தாங்கும். கையால் சுற்றும் குடும்பத் தொழிலகம் தாங்குமா? இத்தகைய சுருட்டுகளுக்கு விலக்களிக்கும் சட்டமூலம் 2011 முதல் பலமுறை காங்கிரசில் முன்வைக்கப்பட்டும் நிறைவேறவில்லை. 2023இல் நீதிமன்றமொன்றே அவ்விதியை உயர்தரச் சுருட்டுகளைப் பொறுத்தவரை நீக்கியது. எது உயர்தரச் சுருட்டு என்னும் வரையறையோ 2025இல் மேன்முறையீட்டின் பின் மீண்டும் கீழ் நீதிமன்றுக்குத் திரும்பியது.

இவ்விவகாரத்தின் உயிர்நிலை அவ்வரையறையே. முழு இலைப் போர்வை, கைச்சுற்று, வடிகட்டியின்மை, வாசனை சேராமை என்ற எல்லைக்குள் விலக்கு நிற்குமாயின் நாம் அதனை ஆதரிப்போம். கையால் சுற்றியதென்பதால் புகை நஞ்சற்றதாகிவிடாது. இளையோரை ஈர்க்கும் இனிப்பூட்டிய மலிவுச் சுருட்டுகள் சிறுதொழிலின் பெயரால் உள்நுழைய அதில் இடமிருத்தலாகாது.