லண்டன்ல சொந்த ஃப்ளாட்... ஆனா கூரை யாருடையது?

லண்டனில் செட்டிலான என் காலேஜ் சீனியர் ஒருத்தர், போன குளிர்காலத்தில் ஒரு போட்டோ அனுப்பினார். ஹால் சீலிங்கில் டீ சிந்திய மாதிரி ஒரு பழுப்பு வட்டம். அதுக்கு நேர் கீழே ஒரு பக்கெட். பின்னாடியே ஒரு வாய்ஸ் நோட்: "சொந்த வீடு, மாடியில கூரை ஒழுகுது. நானே ஆள் வெச்சு சரிபண்ணக் கூடாதாம். ஆனா பில் மட்டும் எனக்கு வருமாம்!"

கேட்டதும் சிரிப்புதான் வந்தது. அவர் வாங்கியது எது, வாங்காதது எது என்று விசாரித்தபோது சிரிப்பு போய்விட்டது.

நர்ஸிங், ஐ.டி என்று இங்கிலாந்து போனவர்கள் உங்கள் வீட்டிலோ, ஃப்ரெண்ட்ஸ் குரூப்பிலோ ஒருத்தராவது இருப்பார்கள். நாளைக்கு நீங்களே போகலாம். போய், ரெண்டு மூணு வருஷம் வாடகை கொடுத்துக் களைத்து, "இந்தக் காசுக்கு ஒரு ஃப்ளாட்டே வாங்கிடலாமே" என்று தோன்றும் இல்லையா? அப்போது கையெழுத்துப் போடும் காகிதத்தில் பெரும்பாலும் 'லீஸ்ஹோல்டு' என்ற வார்த்தை இருக்கும்.

நம்ம ஊரில் 'லீஸுக்கு வீடு' என்றால் தெரியும். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, வாடகை இல்லாமல் இருந்துவிட்டு, காலி பண்ணும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். இங்கிலாந்தில் லீஸ்ஹோல்டு என்பது 99, 125, சில இடங்களில் 999 வருஷத்துக்கு அந்த ஃப்ளாட்டில் இருக்கும் உரிமையை முழு விலை கொடுத்து வாங்குவது. பேங்க் லோன் உண்டு, விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் நிலம், அஸ்திவாரம், வெளிச்சுவர், கூரை எல்லாம் ஃப்ரீஹோல்டர் என்ற இன்னொருத்தருடையது. சென்னையில் ஃப்ளாட் வாங்கினால் யு.டி.எஸ் என்று நிலத்தில் ஒரு துண்டு பங்காவது உங்கள் பேரில் இருக்கும். அங்கே அதுவும் கிடையாது. இங்கிலாந்தில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு நெருக்கமான வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் ஸ்காட்லாந்தில் இந்த முறையே கிட்டத்தட்ட இல்லை. அங்கே ஃப்ளாட்காரர்களே கட்டடத்துக்கும் சொந்தக்காரர்கள்.

முடிவெடுப்பவர் ஒருத்தர், காசு கொடுப்பவர் வேறொருத்தர். லீஸ்ஹோல்டு சண்டைகளில் பாதி இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்பது என் கணிப்பு. கூரையை எப்போது மாற்றுவது, யாரிடம் வேலை கொடுப்பது என்பதை ஃப்ரீஹோல்டரோ, அவர் வைத்திருக்கும் மேனேஜிங் ஏஜென்ட்டோ முடிவுசெய்வார்கள். செலவு, 'சர்வீஸ் சார்ஜ்' என்ற பேரில் எல்லா ஃப்ளாட்டுக்கும் பிரித்து அனுப்பப்படும்.

முதல்ல லீஸைப் படிங்க பாஸ்!

வீட்டில் எது உடைந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இது யார் பொறுப்பு?' பதில் சட்டப் புத்தகத்தில் இல்லை, உங்கள் லீஸில் இருக்கிறது. பொதுவாக உள்பூச்சு, தரை, கிச்சன், பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் எல்லாம் உங்களுடையது. கூரை, வெளிச்சுவர், படிக்கட்டு, லிஃப்ட், பொதுவான பைப் ஆகியவை ஃப்ரீஹோல்டருடையது. ஜன்னல்தான் குழப்பம். சில லீஸில் கண்ணாடி உங்களுடையது, ஃப்ரேம் அவருடையது! ஒரே தெருவில் இருக்கும் ரெண்டு கட்டடங்களுக்கே இது மாறும். அதனால் பக்கத்து பிளாக் ஃப்ரெண்டு சொல்வதை நம்பி கார்பென்ட்டரைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

மேல் ஃப்ளாட்டிலிருந்து தண்ணீர் இறங்கினால் உடனே மேலே போய் சண்டை போடுவோம், அதுதான் நம்ம வழக்கம். அங்கே முதலில் பார்க்க வேண்டியது கட்டட இன்ஷூரன்ஸ். பெரும்பாலும் அதை ஃப்ரீஹோல்டர் எடுத்திருப்பார், பிரீமியம் உங்கள் சர்வீஸ் சார்ஜில் இருக்கும். தண்ணீரால் பாழான சீலிங், சுவருக்கு அதிலிருந்து க்ளெய்ம் பண்ண முடியும். மேல் வீட்டுக்காரர் அலட்சியமாக இருந்தார் என்று நிரூபித்தால்தான் அவரிடம் நஷ்டஈடு கேட்க முடியும். குழாய் தானாக வெடித்திருந்தால் அது கஷ்டம்.

ரிப்பேர் வேற... குறை வேற!

இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 'ரிப்பேர் செய்ய வேண்டும்' என்று லீஸில் இருந்தால் எல்லாப் பிரச்னைக்கும் அது போதும் என்று நினைப்போம். இங்கிலாந்து நீதிமன்றங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. நன்றாக இருந்த ஒன்று கெட்டுப்போனால்தான் அது ரிப்பேர். கட்டும்போதே தப்பாகக் கட்டியிருந்து, அதே நிலையில் இன்றும் இருந்தால் அது 'குறை'. அதைச் சரிசெய்வது ரிப்பேர் என்ற சொல்லுக்குள் வராமலே போகலாம்.

நம்ப முடியவில்லையா? 1980-களில் ரெண்டு வழக்குகள். ஒரு அலுவலகக் கட்டடத்தின் பேஸ்மென்ட்டில் வருஷக்கணக்கில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கான்கிரீட் போட்டபோதே நடந்த கோளாறு. ஆனால் அந்தத் தண்ணீரால் கட்டடம் எதுவும் சேதமாகவில்லை, ஆகவே ரிப்பேர் செய்யும் கடமையே எழவில்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். இன்னொன்று வேல்ஸில், கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு வீடு. உலோக ஜன்னல்களால் உள்ளே ஈரம் கோத்து, பூஞ்சை பிடித்து, துணிமணி, ஃபர்னிச்சர் எல்லாம் நாசம். ஜன்னல் கெட்டுப்போகவில்லை, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான், அதனால் அதை மாற்றும் கடமை கவுன்சிலுக்கு இல்லை என்று தீர்ப்பு.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதற்கப்புறம் சட்டம் கொஞ்சம் இரங்கியிருக்கிறது. ரோச்டேல் நகரில் பூஞ்சை படர்ந்த வீட்டில் வாழ்ந்து 2020-ல் இறந்துபோன 2 வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் பெயரில் ஒரு சட்டமே வந்தது. 2025 அக்டோபர் 27 முதல், கவுன்சில் போன்ற சமூக வீட்டு உரிமையாளர்கள், உயிருக்கு ஆபத்தான அவசரக் கோளாறுகளை 24 மணி நேரத்துக்குள் கவனித்தாக வேண்டும். ஆனால், அதே கவுன்சில் பிளாக்கில் பக்கத்து ஃப்ளாட்டை விலைக்கு வாங்கி லீஸ்ஹோல்டராக இருப்பவருக்கு இந்தக் கெடு கிடையாது. வாங்கினவரைவிட வாடகைக்காரர் நிலைமை பரவாயில்லை!

குறைக்கு வேறு கதவுகள் இருக்கின்றன. புது ஃப்ளாட் என்றால் வழக்கமாக 10 வருஷ வாரன்ட்டி வரும். முதல் 2 வருஷம் பில்டரே சரிசெய்ய வேண்டும், அதற்கப்புறம் பெரிய கட்டுமானக் கோளாறுகளுக்கு மட்டும் இன்ஷூரன்ஸ். குடியிருக்கவே தகுதியில்லாத அளவுக்கு மோசமாகக் கட்டியிருந்தால், 1972-ம் வருஷ டிஃபெக்டிவ் பிரமைசஸ் சட்டப்படி பில்டர் மேல் கேஸ் போடலாம். 2022 ஜூன் 28-க்கு முன் கட்டி முடித்ததற்கு 30 வருஷம் வரை, அதற்குப் பின் கட்டியதற்கு 15 வருஷம் வரை அவகாசம். (நம்ம ரெரா சட்டத்தில் கட்டுமானக் குறைக்குச் சாவி வாங்கியதிலிருந்து 5 வருஷம்.)

அந்த 72 உயிர்களுக்குப் பிறகு...

30 வருஷம் என்று பின்னோக்கிக் கதவைத் திறந்துவிடக் காரணம், 2017 ஜூன் 14 நள்ளிரவு. வடக்கு கென்சிங்டனில் 24 மாடி கிரென்ஃபெல் டவர் எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். ஒரு ஃப்ளாட் கிச்சனில் ஆரம்பித்த தீ, கட்டடத்தைச் சுற்றி ஒட்டியிருந்த 'கிளாடிங்' என்ற வெளிப்பூச்சுத் தகடுகள் வழியாக உச்சி வரை ஏறிவிட்டது.

அதற்கப்புறம் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கட்டடங்களைச் சோதித்தபோது, அதே மாதிரி ஆபத்தான தகடுகள், தீயைத் தடுக்கும் அடைப்பே இல்லாத சுவர்கள் என்று வரிசையாக வெளிவந்தன. 'சரி, யார் மாற்றுவது?' என்ற கேள்விக்கு லீஸ் சொன்ன பதில், சர்வீஸ் சார்ஜ். முதல் வேலை கிடைத்து, முதல் வீடு வாங்கியிருந்த உங்கள் வயதுக்காரர்களுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டுகளில் பில் வந்தது. தீ பிடிக்கிறதா என்று ராத்திரி பகலாகக் கட்டடத்தைச் சுற்றி வரும் காவலாளிகளுக்கும் அவர்கள்தான் சம்பளம் கொடுத்தார்கள். விற்றுவிட்டுப் போகலாம் என்றால், சான்றிதழ் இல்லாத ஃப்ளாட்டுக்கு பேங்க் போட்ட மதிப்பு பூஜ்ஜியம்.

இந்தக் கோபம்தான் 2022-ம் வருஷ பில்டிங் சேஃப்டி சட்டமானது. குறைந்தது 11 மீட்டர் உயரமோ, குறைந்தது 5 மாடியோ உள்ள கட்டடங்களில், தகுதியுள்ள லீஸ்ஹோல்டரிடம் கிளாடிங் மாற்ற ஒரு பைசா கேட்கக் கூடாது. மற்ற தீப் பாதுகாப்பு, கட்டுமானக் குறைகளுக்கு, 10 லட்சம் பவுண்டு வரை மதிப்புள்ள ஃப்ளாட் என்றால் லண்டனில் அதிகபட்சம் 15,000 பவுண்டு, வெளியே 10,000. மதிப்பு ரொம்பக் குறைவு என்றால் அதுவும் இல்லை. கிழக்கு லண்டனில் ஒலிம்பிக் வீரர்கள் தங்கிய ஈஸ்ட் வில்லேஜ் குடியிருப்பு வழக்கில், சுமார் 1.8 கோடி பவுண்டு தரும்படி அதைக் கட்டிய தரப்புக்கு 2024 ஜனவரியில் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, இந்தச் சட்டத்தை வைத்துத்தான்.

நல்ல சட்டம். ஆனால் ஓட்டைகளைக் கவனியுங்கள். 11 மீட்டருக்குக் கீழே இருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை, தீ அளந்து பார்த்துத்தான் ஏறும் போல. லீஸ் 2022 பிப்ரவரி 14-க்கு முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும். அந்தத் தேதியில் அந்த ஃப்ளாட் உரிமையாளரின் பிரதான வீடாகவோ, அவரிடம் பிரிட்டனில் மொத்தம் மூணு வீட்டுக்கு மேல் இல்லாமலோ இருந்திருக்க வேண்டும். கவனிங்க, 'அன்றைய' உரிமையாளர். நீங்கள் இன்றைக்கு வாங்கினாலும், அன்றைக்கு வைத்திருந்தவர் பத்து வீட்டுக்காரராக இருந்திருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். விற்பவரிடம் அதற்கான 'டீட் ஆஃப் சர்டிஃபிகேட்' இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள்.

பில் வந்துடுச்சா?

சாதாரண கூரை ஒழுகலுக்கு மேலே சொன்ன சட்டம் எதுவும் உதவாது. அங்கே உங்கள் ஆயுதம் 1985-ம் வருஷ லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம். ஒரு வேலைக்கு எந்த ஒரு ஃப்ளாட்டுக்காவது 250 பவுண்டுக்கு மேல் பங்கு விழும் என்றால், 20-வது பிரிவுப்படி முன்கூட்டியே உங்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். என்ன வேலை என்று ஒரு நோட்டீஸ், 30 நாள் அவகாசம். நீங்கள் ஒரு கான்ட்ராக்டரைப் பரிந்துரைக்கலாம். பிறகு குறைந்தது ரெண்டு எஸ்டிமேட்டுடன் இன்னொரு நோட்டீஸ், மறுபடி 30 நாள். இதைச் செய்யவில்லை என்றால் தலைக்கு 250 பவுண்டுக்கு மேல் வசூலிக்க முடியாது. செலவு செய்து 18 மாதத்துக்குள் பில்லோ, முறையான எழுத்துத் தகவலோ அனுப்பவில்லை என்றாலும் கேட்க முடியாது.

"ஆஹா, நோட்டீஸே வரலை, ஜெயிச்சுட்டோம்!" என்று குதிக்காதீர்கள். 2013-ல் மஸ்வெல் ஹில் கட்டடம் ஒன்றின் வழக்கில், விதிமீறலால் குடியிருப்போருக்கு உண்மையில் என்ன நஷ்டம் என்பதுதான் முக்கியம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நஷ்டம் இல்லை என்றால் தீர்ப்பாயம் விலக்கு கொடுத்துவிடும். அதனால் கருத்துக் கேட்கும்போதே எழுத்தில் பதில் போடுங்கள். 'பண்ணுங்க, பார்த்துக்கலாம்' என்று விட்டவர்களால் பிறகு நஷ்டத்தைக் காட்ட முடிவதில்லை.

இன்னொரு தப்பு, கோபத்தில் சர்வீஸ் சார்ஜ் கட்டாமல் நிறுத்துவது. ரிப்பேர் பண்ணாதவனுக்கு எதுக்குக் காசு என்பது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பாக்கி ஏறினால், தீர்ப்பாயம், கோர்ட் வழியாக லீஸையே பறிக்கும் வரை போக ஃப்ரீஹோல்டருக்கு வழி இருக்கிறது. ஃப்ளாட்டே போய்விடும். ஆட்சேபம் என்று எழுதிக் கட்டிவிட்டு, 'இந்தச் செலவு நியாயமானதா?' என்று ஃபர்ஸ்ட்-டியர் தீர்ப்பாயத்தில் கேட்பதுதான் பாதுகாப்பு. வக்கீல் கட்டாயம் இல்லை. கூடவே 20சி பிரிவில் ஒரு மனு போட மறக்காதீர்கள்; இல்லையென்றால் உங்களை எதிர்த்து வாதாடிய வக்கீல் ஃபீஸும் அடுத்த சர்வீஸ் சார்ஜில் வந்து உட்காரும். சும்மா சொல்லவில்லை, பல லீஸ்களில் அதற்கு இடம் இருக்கிறது.

ஏஜென்ட்டையே பிடிக்கவில்லையா? பாதி ஃப்ளாட்காரர்கள் சேர்ந்தால், எந்தத் தப்பையும் நிரூபிக்காமலே நிர்வாகத்தைக் கையில் எடுக்க 'ரைட் டு மேனேஜ்' இருக்கிறது. கீழ்த்தளத்தில் கடைகள் இருக்கும் கட்டடங்களுக்கு முன்பு இது கஷ்டம். 2025 மார்ச் 3 முதல், கடைகள் பாதி இடம் வரை பிடித்திருந்தாலும் முடியும். அதே மாதத்தில், இனி புது ஃப்ளாட்களை 'காமன்ஹோல்டு' முறைக்கு, அதாவது நம்ம ஊர் மாதிரி குடியிருப்போரே கட்டடத்தை வைத்துக்கொள்ளும் முறைக்கு மாற்றுவோம் என்று அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அந்த முறை 2002-ம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. பில்டர்கள்தான் சீண்டவே இல்லை.

சீனியர் என்ன ஆனார் என்கிறீர்களா? கூரை ஃப்ரீஹோல்டர் பொறுப்பு என்று லீஸில் தெளிவாக இருந்தது. போட்டோ, தேதி எல்லாம் போட்டு ஏஜென்ட்டுக்கு மெயில் அனுப்பினார். ஃபோனில் மட்டும் பேசிக்கொண்டிருந்த இரண்டு மாதம் வீண். மெயிலுக்கு அப்புறம்தான் முதல் நோட்டீஸ் வந்தது. அவரும் எதிர் ஃப்ளாட் போலந்துக்காரரும் சேர்ந்து ஒரு கான்ட்ராக்டர் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். ரெண்டாவது நோட்டீஸுக்குக் காத்திருக்கிறார்கள். பக்கெட்டை மட்டும் கொஞ்சம் பெருசா மாத்திட்டாராம்.