பற்று வேறு, பகை வேறு



பெற்றோர் தம் மக்களுக்கு விட்டுச் செல்லும் செல்வங்கள் எவை என்று கேட்டால், வீடு, நிலம், நகை, கல்வி என்று விரல் மடக்கி எண்ணத் தொடங்குவோம். காஞ்சியில் வாழ்வோர் தறியையும் அவ்வரிசையில் சேர்ப்பர். பாட்டன் கால் வைத்த தறிக்குழியில் தந்தை கால் வைத்தார். தந்தைக்குப்பின் மகன் வைத்தான். இன்று பேரன் படித்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் பணிக்குச் சென்றாலும், சேலையொன்றைக் கையில் எடுத்தால் அதன் நெசவு எத்தகையது என்று விரலாலேயே சொல்லிவிடுகிறான். அதுவும் ஒரு சொத்துத்தான்.

ஆனால், எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாமல், எந்தச் சாட்சியும் கையொப்பமிடாமல், தானாகவே பிள்ளைகளைச் சென்றடையும் சொத்துக்களும் உண்டு. நாம் எதை நேசித்தோம், எதை வெறுத்தோம் என்பதே அச்சொத்து. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர் சிலரே. இதனை விளக்கும்பொருட்டு இம்மாதம் உங்களை விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றேன். அங்கே வெளிச்சம் அதிகம். வீட்டில் நாம் மறைத்து வைப்பதெல்லாம் திடலில் வெளிப்படையாகத் தெரிந்துவிடும்.

ஒரு குடும்பம் முழுவதும் ஒரு விளையாட்டுக் குழுவின்மீது பற்றுக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக அதனைப் பேணி வருவதுண்டா? உண்டு. அமெரிக்க நாட்டில் இந்தியானா மாநிலத்தில், திருச்சிலுவை சபைக் குருவான அருட்தந்தை எட்வர்டு சோரின் 1842ஆம் ஆண்டு நிறுவிய நோத்ர் தாம் கல்லூரி இன்று பெரும் பல்கலைக்கழகமாய் விளங்குகிறது. 1887ஆம் ஆண்டு முதல் அதன் மாணவர் குழு அமெரிக்கக் கால்பந்து ஆடி வருகிறது. அது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தியும் ஆடுவது. அயர்லாந்து, போலந்து, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்கத் தொழிலாளர், கல்லூரி வாயிலையே மிதித்தறியாதவர், அக்குழுவைத் ‘தம் வீட்டுக் குழு’ என்று ஏற்றுக்கொண்டனர். புதிய நாட்டில் தம்மை ஏளனமாக நோக்கியவர் நடுவே தலைநிமிர்ந்து நிற்க அவர்களுக்கு அது ஒரு துணையாயிற்று. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்றும் ஆட்ட நாள்களில் குடும்பமாகச் செல்கின்றனர். லூர்து கெபியைப் போன்று 1896இல் அவ்வளாகத்தில் அமைக்கப்பட்ட கெபியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திடலுக்குச் செல்வோர் பலர்.

நம் நாட்டில் இதற்கு ஈடான பற்றைக் காண வேண்டுமாயின், இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகருக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே குடும்பங்கள் பற்றுக்கொண்டிருப்பது கல்லூரிக் குழுமீது அன்று. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரு கால்பந்துக் கழகங்கள்மீது. மோகன் பகானின் நிறங்கள் பச்சையும் அரக்கும்; ஈஸ்ட் பெங்காலின் நிறங்கள் சிவப்பும் பொன்னும். நம் ஊர்ப் பட்டுச் சேலைகளை நினைவூட்டும் நிறங்கள் அல்லவா இவை!

மோகன் பகான் கழகம் 1889ஆம் ஆண்டு தோன்றியது. 1911 சூலை 29ஆம் நாள், ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஈஸ்ட் யார்க்ஷயர் என்னும் ஆங்கிலப் படைப்பிரிவின் குழுவை அது 2–1 என வென்றது. முதல் கோலைப் போட்டவர் ஆங்கிலேயரே. குழுத் தலைவர் சிப்தாஸ் பாதுரி அதனை ஈடுசெய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். காலணி அணிந்து ஆடிய ஒரே வீரர் சுதீர் சட்டர்ஜி. அவர் கிறிஸ்தவர், கல்லூரி ஆசிரியர். திடலை நெருங்க இயலாமல் தொலைவில் நின்ற மக்களுக்கு, ஆட்டத்தின் நிலையைப் பட்டம் பறக்கவிட்டு அறிவித்தார்களாம். ஆண்டவன் அரசாங்கமே அசைக்கவொண்ணாதது என்று எண்ணியிருந்த அன்னியரைத் திடலிலாவது வெல்லலாம் என்று கண்ட நாள் அது. அன்று மகிழ்ந்த தந்தை, அம்மகிழ்ச்சியைத் தம் மகனுக்குச் சொல்லாதிருப்பாரா?

ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் பிறப்பு வேறு வகையானது. வங்காளத்தின் கிழக்குப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட ஆட்டக்காரர்க்கு உரிய இடம் தரப்படவில்லை என்ற மனக்குறையிலிருந்து 1920ஆம் ஆண்டு அது தோன்றியது. 1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது, கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வீடு வாசலை இழந்து கல்கத்தாவுக்கு வந்தனர். ஊர் போயிற்று, ஆறு போயிற்று, முன்னோர் வாழ்ந்த மண் அன்னிய நாடாயிற்று. ஆனால், அவர்கள் விட்டு வந்த மண்ணின் பெயரைத் தாங்கிய ஒரு கழகம் அங்கே இருந்தது. ஏதிலியாய் வந்த ஒருவருக்கு அக்கழகம் வெறும் பந்தாட்டக் குழுவாகவா தோன்றியிருக்கும்? இழந்த ஊரின் எஞ்சிய ஒரு துண்டாகவே தோன்றியது.

ஆகவே, அங்கே பல குடும்பங்களில் கழகம் என்பது பிள்ளை தேர்ந்தெடுப்பதன்று, பிறப்போடு வருவது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அதன் பற்றாளர் வீட்டில் இலிஷ் மீன் குழம்பு மணக்கும். மோகன் பகான் வென்றால் அவர்கள் வீட்டில் இறால் சமைப்பர். 1997 சூலை 13ஆம் நாள் இவ்விரு கழகங்களும் மோதிய ஆட்டத்தைக் காணச் சால்ட் லேக் திடலில் 1,31,000 பேருக்கு மேல் கூடினர். மணமக்களுள் ஒருவர் ஒரு கழகத்தையும் மற்றவர் மறு கழகத்தையும் சார்ந்தவராய் இருந்தால், சம்பந்தி வீட்டாரின் கேலிக்குக் குறைவிராது.

இவ்வளவும் கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஒரே நாளில், ஒரே நேரத்தில், பாட்டனும் பேரனும் ஒன்றாய் அமர்ந்து, ஒன்றாய் மூச்சடக்கி, ஒன்றாய்க் குதிக்கும் வாய்ப்பு எத்தனை வீடுகளில் இருக்கிறது? ஒருவர் தொலைக்காட்சி முன்னும், ஒருவர் கைப்பேசி முன்னுமாக ஒரே கூரையின்கீழ்ப் பிரிந்து வாழும் இக்காலத்தில், குடும்பத்தை ஒரே இடத்தில் அமர்த்தும் எந்த நல்ல பழக்கத்தையும் ஏளனம் செய்வது அறிவுடைமை ஆகாது.

ஆயினும், நாணயத்தின் மறுபுறத்தையும் பார்த்தாக வேண்டும். 1975ஆம் ஆண்டுக் கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5–0 என மோகன் பகானை வென்றது. தோற்ற கழகத்தின்மீது உயிரையே வைத்திருந்த ஓர் இளைஞர், அத்தோல்வியைத் தாங்கமாட்டாமல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்டு 16ஆம் நாள் ஈடன் கார்டன் திடலில் இவ்விரு கழகங்களும் ஆடிக்கொண்டிருந்தபோது, ஆட்டக்காரரிடையே மூண்ட பூசல் பார்வையாளரிடையே பரவியது. கைகலப்பு மூண்டது, நெரிசலில் பலர் மிதிபட்டனர். பதினாறு பேர் மாண்டனர். பதினாறு வீடுகளில் அன்று மாலை ஆட்டம் காணச் சென்ற பிள்ளைக்காகச் சோறு எடுத்து வைத்துக் காத்திருந்த தாய்மாரை எண்ணிப் பாருங்கள். எந்த நிறக் கொடியைப் பிடித்துக்கொண்டு போனான் என்பதா அத்தாய்க்கு அப்போது முக்கியம்?

இருவகைக் குடும்பங்களும் தம் பிள்ளைகளுக்குப் பற்றைத்தான் கொடுப்பதாக எண்ணியிருந்தன. ஆனால், அப்பொட்டலத்துக்குள் பகையும் சுருண்டு படுத்திருந்தது. ‘நம் கழகம் சிறந்தது’ என்று சொன்ன தந்தை, அத்துடன் நிறுத்தாமல், ‘அவர்கள் இழிந்தவர்கள்’ என்றும் சொன்னார். முதல் வாக்கியம் பிள்ளைக்கு வேரானது. இரண்டாம் வாக்கியம் அவ்வேரில் விழுந்த கரையானாயிற்று.

பற்றுக்கும் பகைக்கும் வேறுபாடு காண்பது எங்ஙனம்? மூன்று அடையாளங்கள் சொல்வேன். முதலாவது, பேச்சு. பற்றுடையவன் தன் குழுவின் பெருமையைப் பேசுவான். பகையுடையவன் எதிர்க்குழுவின் சிறுமையையே பேசுவான். இரண்டாவது, தோல்வி. பற்றுடையவன் தோற்ற அன்று வருந்துவான், மறுநாள் வேலைக்குச் செல்வான்; பகையுடையவனோ தோல்விக்குப் பழி சுமத்த ஓர் ஆளைத் தேடுவான். மூன்றாவது, துன்பம். எதிரிக்குத் துன்பம் நேர்ந்தபோது ஓடிச் செல்கிறவன் பற்றுடையவன். உள்ளூர மகிழ்கிறவன் பகையுடையவன்.

இம்மூன்றாம் அடையாளத்தில் கல்கத்தா மக்கள் தேறினர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1980இல் மாண்டவர் நினைவாக, ஆண்டுதோறும் ஆகஸ்டு 16ஆம் நாள் அங்கே இரத்ததான முகாம்கள் நடத்தப்படுகின்றன. இரத்தக் குப்பியின்மீது அது எந்தக் கழகத்தான் கொடுத்தது என்று எழுதுவதில்லை. 2024 ஆகஸ்டில் அந்நகரின் மருத்துவமனை ஒன்றில் இளம் பெண் மருத்துவர் கொடூரமாகக் கொலையுண்டார். நகரமே கொந்தளித்தது. ஆகஸ்டு 18ஆம் நாள் நடைபெறவிருந்த இரு கழகங்களின் டுராண்டு கோப்பை ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கைவிடப்பட்டது. ஆயினும், இரு கழகத்தாரும் தம்தம் கொடிகளோடு திடலுக்கு வெளியே திரண்டு, அப்பெண்ணுக்கு நீதி வேண்டி ஒன்றாய்க் குரல் எழுப்பினர். ஒரு கழகத்தானை மறு கழகத்தான் தோளில் தூக்கி நின்றான். அவர்கள் தம் நிறத்தைக் களைந்துவிட்டா ஒன்றுபட்டனர்? இல்லை, நிறத்தோடேயே ஒன்றுபட்டனர். நான் வலியுறுத்த விரும்புவது இதுவே.

நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அக்கழகங்களில் ஆடியுள்ளனர். சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டு 12ஆம் நாள் ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரே கோல் போட்டு மோகன் பகானை வீழ்த்தினார். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அவ்வெற்றிக்கு ஏங்கியிருந்தவர்கள் அன்று ஆனந்தக் கண்ணீர் வடித்தனர். மூன்று வாரங்கள் கழித்து, அதே போட்டியின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் அதே 1–0 கணக்கில் வென்று கோப்பையை எடுத்துச் சென்றது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோரச் சிற்றூராகிய இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜோ 2020இல் பச்சை அரக்குச் சட்டை அணிந்தார். ஒரே தமிழ் மண், இருவேறு நிறங்கள்! இதில் யார் நம்மவர், யார் அயலார்?

இனி, நம் வீடுகளுக்குத் திரும்புவோம். ‘எங்கள் வீட்டில் கால்பந்துப் பைத்தியம் இல்லை, சுவாமி’ என்று நீங்கள் சொல்லலாம். உண்மையே. ஆனால், பங்குத் திருவிழாவில் தேர் எந்தத் தெரு வழியே முதலில் வர வேண்டும் என்பதில் நமக்குக் கழகங்கள் இல்லையா? பாட்டனார் காலத்தில் ஒரு முழ நிலத்துக்காக மூண்ட வழக்கினால், இன்றும் ஒரே கோயிலின் இரு ஓரங்களில் அமர்ந்து, சமாதானம் சொல்லும் வேளையில் முகம் திருப்பிக்கொள்ளும் உடன்பிறந்தோர் இல்லையா? ‘அவர்கள் வேறு, நாம் வேறு’ என்று சாதியின் பெயரால் பிள்ளையின் காதில் ஓதும் பெற்றோர் நம்மிடையே இல்லையா? அப்பிள்ளைக்கு அந்த வழக்கின் சர்வே எண்ணும் தெரியாது, சண்டையின் காரணமும் தெரியாது. வெறுக்க மட்டும் தெரியும். எவ்வளவு கொடிய சீதனம் இது!

நம் ஊர் நெசவாளர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். கோர்வைச் சேலையில் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். இரண்டிற்கும் தனித்தனி நாடாக்கள் ஓடுகின்றன; இருவர் அருகருகே அமர்ந்து நெய்கின்றனர். பச்சை அரக்காகிவிடுவதில்லை, அரக்கு பச்சையாகிவிடுவதில்லை. ஆனால், ஒவ்வோர் இழை ஓட்டத்திலும் ஒரு நிறத்து இழையும் மறுநிறத்து இழையும் ஒன்றையொன்று கைகோத்துப் பின்னிக்கொள்கின்றன. சேலை கிழிந்தாலும் கோர்வை விடாது என்பர் முதியோர். நிறம் மாறுபடுவதே அச்சேலைக்கு அழகு. அந்நிறங்கள் பிணைந்திருப்பதே அதற்கு உறுதி.

ஆகவே, பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் ஊரைக் கொடுங்கள்; உங்கள் தெருவை, மொழியை, பங்கை, நீங்கள் விரும்பும் விளையாட்டுக் குழுவையும் கொடுங்கள். பற்றற்ற பிள்ளை வேரற்ற செடி. ஆனால், பொட்டலத்தைக் கட்டுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். உள்ளே பழைய பகை ஏதேனும் ஒளிந்திருப்பின், அதை எடுத்து உங்களோடேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இன்றிரவு உணவுக்கு அமரும்போது, நீங்கள் பேசாதிருக்கும் அந்த வீட்டாரைப்பற்றிப் பிள்ளைகள் முன்னிலையில் ஒரு நல்ல சொல் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் வியப்போடு நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த வியப்பிலிருந்தே புதிய மரபு தொடங்கட்டும்.