வரி பாக்கியில் சமரசம்: முந்திக்கொண்டவருக்கு கோர்ட் கதவு இல்லையா?

அமெரிக்காவில் வரி பாக்கி கழுத்தை நெரிக்கும்போது ஒரு வழி இருக்கிறது. ‘முழுசா கட்ட முடியாது, என்னால் இவ்வளவுதான் முடியும், இதோடு கணக்கை முடிச்சுக்கோங்க’ என்று வரித்துறையான ஐ.ஆர்.எஸ்-ஸிடம் கேட்கலாம். இதன் பெயர் ‘ஆஃபர் இன் காம்ப்ரமைஸ்’. விண்ணப்பக் கட்டணம் 205 டாலர். மொத்தமாகக் கட்டுவதாகச் சொன்னால், சொன்ன தொகையில் 20 சதவீதத்தை விண்ணப்பத்தோடு செலுத்த வேண்டும். நிராகரித்தாலும் அந்தப் பணம் திரும்ப வராது. பாக்கியில் வரவு வைக்கப்படும். குறைந்த வருமானக்காரர்களுக்கு மட்டும் இரண்டிலும் விலக்கு.

சரி, ஐ.ஆர்.எஸ் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டால்?

30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கேயும் கைவிரித்தால், அந்த நிராகரிப்பை எதிர்த்து நேரடியாக கோர்ட்டுக்குப் போக வழியில்லை.

ஜப்தி நோட்டீஸ் வந்துவிட்டால் கதையே வேறு. 1998-ல் வந்த சட்டப்படி, 30 நாட்களுக்குள் விசாரணை கேட்கலாம். அங்கேயும் சமரசத் தொகையை முன்வைக்கலாம். அதை ஏற்காமல் முடிவு வந்தால், அடுத்த 30 நாட்களுக்குள் வரி நீதிமன்றத்தில் மனு போடலாம். நியாயமான காரணத்தால் இந்தக் கெடு தவறினால் நீதிமன்றம் மன்னிக்க இடமுண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ‘போக்லர்’ வழக்கில் சொன்னது. ஆனால் விசாரணை கேட்பதற்கான முதல் 30 நாட்களைக் கோட்டைவிட்டால், பொதுவாக கோர்ட் வாய்ப்பும் போச்சு.

கோர்ட் என்ன பார்க்கும்? எவ்வளவு தொகை சரி என்று நீதிபதி பேரம் பேச மாட்டார். அதிகாரி சட்டத்தை மீறினாரா, காரணமே இல்லாமல் முடிவெடுத்தாரா என்பது மட்டும்தான் கேள்வி. தவறு இருந்தால், மறுபடி பரிசீலிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். இந்த வரம்பு நியாயமானதுதான். வரி வசூல் நீதிபதியின் வேலை இல்லை.

நியாயமில்லாதது, அந்தக் கதவு திறக்கும் நேரம்தான். நோட்டீஸ் வருவதற்கு முன்பே தானாக வந்து ‘கட்டுகிறேன்’ என்றவருக்குக் கதவு சாத்தியிருக்கிறது. ஜப்தி வரை இழுத்தவருக்குத் திறக்கிறது. நேர்மையாக முந்திக்கொண்டவர்தான் இங்கே நஷ்டப்படுகிறார்.

வழக்குகள் குவிந்துவிடும் என்ற பயம் இருக்கலாம். ஆனால் கோர்ட் பார்ப்பது தொகையை அல்ல, முடிவெடுத்த விதத்தை மட்டும்தான். அந்தச் சின்னப் பாதுகாப்பை, முதல் நிராகரிப்புக்கும் அமெரிக்க காங்கிரஸ் தர வேண்டும்.