பாதியில் நின்ற படிப்பு

பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் மலையேறி வருகிறது. இன்று கேட்கப்படும் கேள்வி வேறு. படிக்க வைக்கப் பணம் எங்கே? இதற்குப் பதில் கிடைக்காமல்தான் எத்தனையோ வீடுகளில் பெண்ணின் படிப்பு பாதியில் நின்று போகிறது.

பணக்காரர்கள் உதவட்டும், சர்க்கார் உதவட்டும் என்று காத்திருப்பது வழக்கம். குடும்பம் நடத்தும் பெண்களே ஒன்று சேர்ந்து, தங்கள் சிறு பணத்தைக் கொண்டு இந்தக் காரியத்தைச் செய்ய முடியாதா? முடியும். அமெரிக்காவில் ஒரு மாதர் சங்கம் அதைச் செய்து காட்டியிருக்கிறது.

ஒரே ஊர், ஒரே கல்லூரி

அயோவா மாநிலத்தில் மவுண்ட் பிளசன்ட் என்று ஒரு சிறிய ஊர். அங்கே அயோவா வெஸ்லியன் கல்லூரி இருந்தது. 1869ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் தேதி, அந்தக் கல்லூரி மாணவிகள் ஏழு பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்கு பி.இ.ஓ. என்று பெயர். தங்கள் நட்பு நீடித்து நிற்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆசை. மற்றப் பெண்களின் படிப்புக்குப் பணம் கொடுக்கும் திட்டம் பிறகுதான் வந்தது.

அதே 1869இல், அதே ஊரில் இன்னொரு சம்பவமும் நடந்தது. அரபெல்லா மான்ஸ்பீல்டு என்ற பெண்மணி வக்கீலாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். அமெரிக்காவின் முதல் பெண் வக்கீல் அவர்தான். அவரும் 1866இல் அதே கல்லூரியில் பட்டம் பெற்றவர். வக்கீல் தொழில் ஆண்களுக்கே உரியது என்று அன்றைய அயோவா சட்டம் சொல்லிற்று. அவர் பரீட்சை எழுதித் தேறிவிட்டார். நீதிபதி அவரை ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டே சட்டமும் மாற்றப்பட்டது.

சங்கம் தொடங்கிய ஏழு பேரில் ஒருவர் எல்லா ஸ்டூவர்ட். அவர் குடும்பத்தில் பணக் கஷ்டம். பட்டம் பெறாமலே அவர் கல்லூரியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

ஒரே ஊர், ஒரே கல்லூரி. ஒருவர் சட்டத்தையே மாற்ற வைத்தார். இன்னொருவர் படிப்பை முடிக்கக்கூட முடியவில்லை. அறிவு குறைவால் அவர் படிப்பு நிற்கவில்லை. பணம் இல்லாததால் நின்றது.

கடன் கொடுத்த சங்கம்

அந்த ஏழு மாணவிகளும் ஊர் ஊராகப் பிரிந்து சென்றார்கள். சங்கமும் பல ஊர்களில் கிளை விட்டது. 1907ஆம் ஆண்டில் சங்கத்துப் பெண்கள் ஒரு கல்விக் கடன் நிதியை ஏற்படுத்தினார்கள். உயர்ந்த படிப்புப் படிக்க விரும்பும் பெண்ணுக்கு அதிலிருந்து கடன் கிடைக்கும். படித்த பெண் பிறகு அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும்.

தர்மமாகக் கொடுத்தால் என்ன, ஏன் கடன் என்று சிலர் கேட்கலாம். கடனில் ஒரு நன்மை உண்டு. ஒரு சங்கத்தில் ஆயிரம் ரூபாய் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதைத் தானமாகக் கொடுத்தால் ஒரு பெண் படிப்பாள். கடனாகக் கொடுத்தால் அவள் படித்து முடித்துத் திருப்பிக் கொடுப்பாள். அந்த ஆயிரம் அடுத்த பெண்ணிடம் போகும். முன்னால் படித்தவளே பின்னால் வருபவளைப் படிக்க வைக்கிறாள். வாங்கியவளும் யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை.

ஆனாலும் எல்லோராலும் கடன் சுமக்க முடியாது. அதை அந்தச் சங்கமும் உணர்ந்தது. ஆகவே திருப்பிக் கொடுக்க வேண்டாத உபகாரச் சம்பளங்களும் பின்னர் வந்தன. 1949இல், இரண்டாம் உலக யுத்தம் முடிந்து நான்கே ஆண்டுகளில், சமாதான உபகாரச் சம்பளம் ஒன்று ஏற்பட்டது. வேறு நாடுகளிலிருந்து வந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் மேற்படிப்புப் படிக்கும் பெண்களுக்கு அது உரியது. இந்தியப் பெண்களும் அதைக் கேட்டு விண்ணப்பம் செய்யலாம்.

ஒரு கல்லூரியும் இந்தச் சங்கத்துக்குச் சொந்தம். வெர்ஜினியா ஆலிஸ் காட்டி என்ற ஆசிரியை, 1884இல் மிசௌரி மாநிலத்தில் நெவாடா என்ற ஊரில் பெண்களுக்காக அதைத் தொடங்கினார். 1927இல் அதைச் சங்கத்திடம் ஒப்படைத்தார். பெண்கள் வளர்த்த பள்ளியைப் பெண்களே காப்பார்கள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை வீண் போகவில்லை.

தாய்மார்களுக்கும் படிப்பு

1973இல் வந்த திட்டம் எல்லாவற்றிலும் சிறந்தது எனலாம். படிப்பை நிறுத்திவிட்டு மீண்டும் படிக்க வரும் பெண்களுக்கு அது உதவி செய்கிறது. குறைந்தது 24 மாதங்களாவது மாணவியாக இல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை!

மற்ற இடங்களில் படிப்பு விட்டுப்போனது ஒரு குறை. இங்கே அதுவே தகுதி. கல்யாணம், பிள்ளை குட்டி, வீட்டில் நோயாளி என்று பெண்ணின் படிப்பு நின்று போக ஆயிரம் காரணங்கள் உண்டு. நின்ற படிப்பு நின்றதுதான் என்று விட்டுவிடக் கூடாது. தாய் மறுபடியும் புத்தகத்தை எடுத்தால், பிள்ளைகளைப் படி படி என்று விரட்ட வேண்டிய அவசியமே இராது.

இந்த உதவிகளால் இதுவரை 1 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பயன் அடைந்திருக்கிறார்கள். பணத்தைச் சேர்த்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் குடும்பப் பெண்கள். சிறு துளி பெரு வெள்ளம் ஆயிற்று.

கதவைத் தட்ட வேண்டும்

இதில் ஒரு குறையும் இருக்கிறது. உதவி வேண்டும் பெண்ணை உள்ளூர்க் கிளைச் சங்கம் பார்த்துச் சிபாரிசு செய்ய வேண்டும். சங்கத்தில் யாரையும் அறியாத ஏழைப் பெண் என்ன செய்வாள்? யாரிடம் போய்க் கேட்பாள்?

ஆனால் அந்தக் குறைக்கு உள்ளேயே அதன் பலமும் இருக்கிறது. சர்க்கார் ஆபீசுக்கு மனுதான் தெரியும். பாங்கிக்கு ஜாமீன்தான் தெரியும். எந்த வீட்டில் எந்தப் பெண் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுகிறாள் என்பது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத்தான் தெரியும். ஆகவே, தேடி வருபவளுக்குக் கொடுப்பதோடு ஒரு மாதர் சங்கத்தின் கடமை முடிந்துவிடாது. வர வெட்கப்படுபவளைத் தேடிப் போவதும் அதன் கடமைதான்.

மாதம் ஒரு முறை கூடுவதும், பலகாரம் சாப்பிடுவதும், பாட்டுக் கேட்பதும் நல்லவைதான். அந்த ஏழு மாணவிகளும் வெறும் நட்புக்காகத்தான் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் ஓர் உண்டியல், ஒழுங்கான ஒரு கணக்குப் புத்தகம், படிப்பு நின்றுபோன ஒரு பெண்ணின் பெயர், இந்த மூன்றும் இருந்தால் போதும். எந்த ஊர்ச் சங்கமும் இந்தக் காரியத்தைத் தொடங்கிவிடலாம்.

அயோவா வெஸ்லியன் கல்லூரி பண நெருக்கடியால் 2023இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே ஏழு பெண்கள் தொடங்கிய சங்கம் இன்றும் வேலை செய்கிறது. ஒவ்வோர் ஆண்டும், பணம் இல்லாமல் பாதியில் நிற்க இருந்த படிப்புகளை அது முடித்து வைக்கிறது. எல்லா ஸ்டூவர்ட்டுக்கு அன்று கிடைக்காத உதவி, இன்று வேறு பெண்களுக்குக் கிடைக்கிறது.