கழுத்துக்கு ஒரு ரூம், மனசுக்கு ஒரு ரூம்... நடுவுல அலையும் தலைவலி!

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், நெற்றியைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டின மாதிரி ஒரு வலி. விண் விண்ணென்று தெறிக்காது, வாந்தி வராது, வேலையும் நிற்காது. தைலத்தைத் தேய்த்து, ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவீர்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ இப்படி இருந்து, அது மூன்று மாதத்தைத் தாண்டினால் 'நாள்பட்ட டென்ஷன் தலைவலி' என்கிறது மருத்துவம்.

பெயரில் டென்ஷன் இருப்பதாலேயே பாதிக் குழப்பம். "டென்ஷன் ஆகாம இரு, தானா சரியாப் போயிடும்" என்பார்கள் வீட்டில். "கழுத்துல ஏதோ பிடிச்சிருக்கு, போய்த் தேய்ச்சு விடச் சொல்லு" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு.

பிடரி, தோள்பட்டை, மண்டையோட்டின் அடிப்பகுதியில் இருக்கும் தசைகள் இறுகி, அழுத்தினாலே வலிக்கும். இது மாசக்கணக்கில் நீடித்தால் மூளையின் வலி உணரும் அமைப்பே கூர்மையாகிவிடுகிறது. சாதாரண அழுத்தம்கூட வலியாகப் பதிவாகும். தூக்கமின்மையும் கவலையும் அதை இன்னும் ஏற்றிவிடும். 'இன்னைக்கும் வந்துருமோ' என்ற பயத்திலேயே தோளைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தசை மறுபடி இறுகும். ஆக, இந்த வலி கற்பனையும் இல்லை, வெறும் தசைப்பிடிப்பும் இல்லை.

நெதர்லாந்தில் 82 நோயாளிகளை வைத்து நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், கையால் செய்யும் பிசியோ சிகிச்சை, வழக்கமான குடும்ப டாக்டர் சிகிச்சையைவிட நல்ல பலன் தந்தது. அமெரிக்காவில் 2001-ல் வெளியான இன்னொரு ஆய்வு 203 பேரை வைத்து நடந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 38%, மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி மட்டும் எடுத்தவர்களில் 35% பேருக்குத்தான் தலைவலி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 64%! அங்கே சேர்த்தது மாத்திரையையும் மனப் பயிற்சியையும்தான், கை சிகிச்சையை இல்லை. கை சிகிச்சையையும் உளவியல் சிகிச்சையையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் இன்னும் குறைவுதான். ஆனால், வலிக்கு ரெண்டு வாசல் இருக்கும்போது ஒன்றை மட்டும் அடைப்பது ஏன்?

சேர்த்துச் செய்வது என்றால் பெரிய மாயமெல்லாம் இல்லை. பிசியோதெரபிஸ்ட் இறுகிய இடத்தைத் தளர்த்தி, உடற்பயிற்சி சொல்லித் தருவார். எந்த போன் வந்தால் உங்கள் தாடை இறுகுகிறது, எந்த நினைப்பு வலியைப் பெரிதாக்குகிறது என்று உளவியலாளர் கவனிக்க வைப்பார். எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-லேயே புத்தகமாக எழுதிய முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு தசையாக இறுக்கி, பிறகு மெதுவாக விடுவது. அது உடம்புக்கா, மனசுக்கா? ரெண்டுக்கும்தான்.

நம்ம ஊர்ல சிக்கலே இந்த ரெண்டு ரூமுக்கும் நடுவில் கதவு இல்லாததுதான். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மனநல ஆலோசனை, மாவட்ட மனநலத் திட்டம் என்ற தனி வண்டியில் ஓடுகிறது. உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்று 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். வாராவாரம் போகும் கவுன்சலிங்குக்கு உங்கள் பர்ஸ்தான். பிசியோதெரபிஸ்ட்டுகள் பெயருக்கு முன் 'டாக்டர்' போடலாமா என்று 2025-ல் நாடே சண்டை போட்டது. அவரும் உளவியலாளரும் ஒரே நோயாளியைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்களா என்று யாரும் கேட்ட மாதிரி தெரியலை.

அதுவரை அந்தக் கதவு நீங்கள்தான். ஒரு நோட்டில் தேதி, வலி வந்த நேரம், தூக்கம், போட்ட மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். அதே நோட்டை ரெண்டு பேரிடமும் காட்டுங்கள். சாதாரண வலி மாத்திரையே மாதம் 15 நாளைத் தொட்டு, மாசக்கணக்கில் தொடர்ந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். டாக்டரிடம் சொல்லிக் குறையுங்கள். திடீரென்று இடி விழுந்த மாதிரி வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி... இதெல்லாம் வேறு கதை, உடனே ஆஸ்பத்திரி. அப்புறம், சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைப் பிடித்துச் சடக்கென்று ஒரு நெட்டி முறிப்பார்களே, வேண்டாம்ணே என்று சொல்லிவிடுங்கள். அரிதுதான் என்றாலும், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போனது உண்டு.